முடக்கில் நடந்ததற்கு யார் சாட்சி?

கேள்வி: நான் கொட்டகலையில் இருக்கிறேன். சொந்த டொல்பின் வேன். காலையிலும் பகலிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறேன், மற்ற நேரம் ஹயர். போன மாதம் தலவாக்கலைக்குப் போகும் வழியில், நல்ல மழைக்குள், எதிரே வந்த டிப்பர் ஒன்று முடக்கில் நடு ரோட்டைப் பிடித்து வந்து என் வலது பக்கக் கண்ணாடியையும் கதவையும் கீறிவிட்டது. இரண்டு பக்கமும் பஸ் நின்று ஹோன் அடித்ததால் வண்டிகளை ஓரத்துக்கு எடுத்தோம். பொலிஸ் வந்ததும் டிப்பர்காரர் சிங்களத்தில் கடகடவென்று சொல்லி முடித்துவிட்டார். எனக்குச் சிங்களம் பேச வரும், ஆனால் பொலிஸில் நின்று நியாயம் பேசுகிற அளவுக்கு வராது. கடைசியில் 'ரெண்டு பேரிலும் பிழை' என்று பேசித் தீர்த்தார்கள். என் வண்டியை என் காசில் செய்தேன். இப்போது கட்டாரில் இருக்கும் மச்சான் டேஷ் கேம் ஒன்று, அதுதான் முன்கண்ணாடியில் பூட்டி ரோட்டைப் பதிகிற கமரா, அனுப்புகிறேன் என்கிறார். ஸ்டாண்டில் உள்ள நண்பரோ, 'அது சொந்தக் காசில் சூனியம் வைக்கிற வேலை, நீ பிழை விட்டாலும் அதுதான் காட்டிக் கொடுக்கும்' என்கிறார். பூட்டலாமா? எப்படிப்பட்டது நல்லது? கமரா இருக்கிறது என்று வண்டியில் எழுதி ஒட்ட வேண்டுமா?
– வேன் சாரதி, கொட்டகலை

பதில் (வாகன விபத்து மதிப்பீட்டாளர்):

தம்பிக்கு வணக்கம்.

உங்கள் நண்பர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் சொன்னது பொய்யில்லை. டேஷ் கேம் உங்களுக்காக மட்டும் சாட்சி சொல்கிற ஆள் இல்லை. நீங்கள் வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் அதையும் பதியும். ஜிபிஎஸ் உள்ளது என்றால், என்ன வேகத்தில் தாண்டினீர்கள் என்று படத்தின் அடியிலேயே எழுதி வைக்கும். மைக் திறந்திருந்தால், மோதுவதற்கு இரண்டு செக்கனுக்கு முன்பு ஃபோனில் 'இந்தா வந்துட்டேன், வந்துட்டேன்' என்று சொல்லிக்கொண்டிருந்ததும் கேட்கும். தன் நியாயத்தைக் காட்ட ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்த வீடியோவில் இதை நானே கேட்டேன். இரண்டாம் தரம் போட்டுக் காட்டியபோதுதான் அவருக்கே தன் குரல் காதில் விழுந்தது. பிறகு அவர் தேநீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

இதெல்லாம் தெரிந்தும் பூட்டுங்கள் என்றுதான் சொல்வேன். இந்தத் தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் மலை ரோட்டில் அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மற்ற ஊர்களில் டேஷ் கேம் ஒரு வசதி. நம் பக்கத்தில் அது இல்லாவிட்டால் பல விபத்துகளில் உண்மையைக் கண்டுபிடிக்க வேறு வழியே கிடையாது.

ஏன் என்று கேட்பீர்கள். விபத்து நடந்த இடத்துக்கு நான் போய்ச் சேரும்போது பெரும்பாலும் ஒரு மணித்தியாலம் கடந்திருக்கும். அங்கே நான் முதலில் தேடுவது கீறலை அல்ல, சேற்றை. ஒரு வண்டி இடிபடும்போது மட்காட்டின் அடியில் காய்ந்து ஒட்டியிருக்கும் சேறு அதே இடத்தில் பொலபொலவென்று கொட்டும். கண்ணாடித் தூள் தெறித்துத் தூரப் போகும், வண்டிகளும் உருண்டு போகும். அந்தச் சேற்றுக் கட்டிகள் எங்கே குவிந்து கிடக்கின்றனவோ, அதற்குக் கிட்டத்தான் மோதல் நடந்திருக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்தால் பாதிக் கதை விளங்கிவிடும். ஆனால் நம்முடைய மழை பத்து நிமிடத்தில் அதைக் கானுக்குள் தள்ளிவிடும். மழை இல்லையென்றால் பின்னால் வரிசையாக நின்ற பஸ்களின் டயர் அந்த வேலையைப் பார்த்துவிடும். மலைக்குக் கீழே உள்ள ஊர்களில் ரோட்டு அகலமானது, வண்டிகளை விட்டது விட்டபடி வைத்துக்கொண்டு பொலிஸுக்குக் காத்திருக்கலாம். ஹட்டன் வீதியில் ஒரு முடக்கை அடைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் நின்று பாருங்கள், ஊரே இறங்கி வந்து உங்களைத் தள்ளி ஓரத்தில் விடும்.

அதற்குப் பிறகு எனக்கு மிஞ்சுவது உங்கள் கதவில் உள்ள கீறல் மட்டும்தான். அது என்ன உயரத்தில் பட்டது, முன்னிருந்து பின்னுக்கா இழுபட்டது, எந்த நிறப் பெயின்ட் ஒட்டியிருக்கிறது என்பதையெல்லாம் சொல்லும். யார் யாருடைய பக்கத்துக்கு வந்தார் என்பதை மட்டும் சொல்லாது. 'ரெண்டு பேரிலும் பிழை' என்ற தீர்ப்பு இப்படித்தான் பிறக்கிறது, தம்பி. அது நியாயம் பார்த்துச் சொன்னது அல்ல, பார்க்க ஒன்றும் மிஞ்சாததால் சொன்னது.

மலையில் மட்டும் நடக்கிற இன்னொரு சங்கதி இருக்கிறது. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு ஏறுகிற வாகனங்கள் நானுஓயாவைத் தாண்டி ஒட்டி ஒட்டி நிற்குமே, அந்த மாதிரி ஒரு நெரிசலில் நடந்தது. முன்னால் நின்ற கார் ஒன்று பின்னால் நின்ற வேனில் மோதியதா, வேன் காரில் மோதியதா என்று சண்டை. சட்டமும் வழக்கமும் பின்னால் வந்தவனைத்தான் முதலில் சந்தேகப்படும்: இடைவெளி விட்டிருக்க வேண்டியது அவன்தானே. கார்க்காரர் குடும்பத்தோடு இறங்கி நின்று, நின்ற வண்டியில் வந்து அடித்துவிட்டான் என்று சத்தம் போட்டார். வேன்காரர் ஒன்றும் பேசாமல் கமராவின் சின்னத் திரையில் வீடியோவைப் போட்டார். நானும் குனிந்து பார்த்தேன். இடது ஓரத்தில் ஒரு மின்கம்பம். பதினான்கு செக்கன் முழுக்க அந்தக் கம்பம் அசையவே இல்லை. வேன் நின்ற இடத்தில் நிற்கிறது என்று அதற்கு அர்த்தம். காரின் மஞ்சள் நம்பர் பிளேட் மட்டும் மெல்ல மெல்லப் பெரிதாகி, கடைசியில் திரைக்கு அடியில் மறைந்தது. ஒரு சின்ன ஆட்டம். அவ்வளவுதான். கிளச்சில் கால் வழுக்கியிருக்கிறது, கார் பின்னுக்கு உருண்டிருக்கிறது. கார்க்காரர் பொய் சொன்னார் என்றும் நான் நினைக்கவில்லை. ஏற்றத்தில் மெதுவாகப் பின்னுக்கு உருளும்போது ஓட்டுகிறவருக்குப் பல சமயம் தெரிவதில்லை, இடித்த சத்தம்தான் முதலில் தெரியும். அந்தக் கம்பம் படத்தில் இல்லாவிட்டால் வேன்காரர்தான் குற்றவாளி.

உங்களுடைய டிப்பர் கதைக்கு வருவோம். கொண்டை ஊசி முடக்கில் நீண்ட வாகனம் ஒன்று தன் பக்கத்துக்குள்ளேயே திரும்ப முடியாது, அகட்டித்தான் எடுக்க வேண்டும். ஆகவே 'அவன் கோட்டைத் தாண்டினான்' என்று மட்டும் சொன்னால் போதாது. நான் கேட்பது வேறு: அவர் ஹோன் அடித்தாரா, நீங்கள் அவரை எப்போது கண்டீர்கள், கண்ட பிறகு நின்றீர்களா, ஒதுங்க உங்களுக்கு இடம் இருந்ததா? மணிக்கு 30 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு எட்டு மீற்றருக்கு மேல். கமரா ஒரு செக்கனை முப்பது படமாக எடுக்கிறது. இரண்டு மைல்கல்லோ, பாலத்தின் இரண்டு தூணோ படத்தில் இருந்தால், எத்தனை படத்தில் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போனீர்கள் என்று எண்ணி வேகத்தை நானே கணக்குப் பார்த்துவிடுவேன். இடைவெளியை அளக்க ஒரு நாடா போதும்.

அடுத்தது மொழி. இதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் அதிகம், நீங்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். விபத்து நடந்த பதற்றத்தில், யூனிஃபோர்ம் போட்டவர் முன்னால், பாதி தெரிந்த மொழியில் பேசுகிறவன் பிழை செய்தவன் மாதிரித்தான் தெரிவான். அவன் தடுமாறுவது சொற்களுக்காக. எழுதுகிறவருக்கு அது வேறு மாதிரி விளங்கும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழிதான். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கக் கேளுங்கள், முடியாது என்றால் எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். இது சண்டை இல்லை, மரியாதையாகக் கேட்கலாம். ஆனாலும் அந்த நேரத்தில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்ட முடிந்தால் இந்தப் பேச்சுக்கே வேலையில்லை.

2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்லவில் பஸ் ஒன்று வேனோடும் முச்சக்கரவண்டியோடும் மோதிய விபத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வேனில் வந்தவர்களில் ஆறு பேர், முச்சக்கரவண்டிச் சாரதி, ஆக ஏழு உயிர். 2025 மே 11 அன்று கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் போனது, இருபதுக்கு மேற்பட்டோர் போய்விட்டார்கள். அவற்றின் காரணங்களைப் பற்றி இங்கே நான் பேச வரவில்லை. ஆனால் இப்படியான ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் தேநீர்க் கடைகளில் பத்துக் கதை உலாவும், கண்ணால் கண்டவர்கள் பலர் அதைச் சொல்ல இருக்க மாட்டார்கள். செத்தவர்மேல் பழியைப் போடுவது சுலபம்.

சரி, எதை வாங்குவது. மச்சானிடம் பிராண்டைப் பற்றிப் பெரிதாகப் பேச வேண்டாம். 4கே என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். பகலில் 1080பி போதும், 2கே என்றால் எதிரே வருகிற வண்டியின் நம்பர் கொஞ்சம் தெளிவாக விழும். நமக்கு அதைவிட முக்கியம் இரண்டு. ஒன்று, வெளிச்சமும் இருட்டும் ஒரே படத்தில் வந்தாலும் சமாளிக்கிற எச்டிஆர் வசதி. மரநிழலுக்குள்ளிருந்து வெயிலுக்குத் திரும்புகிற முடக்குகளில் அது இல்லாத கமரா ஒரு செக்கன் வெள்ளையாகப் போய்விடும், அந்த ஒரு செக்கனில்தான் எல்லாம் நடக்கும். இரண்டாவது, உள்ளே லித்தியம் பட்டரிக்குப் பதிலாகக் கெபாசிட்டர் உள்ளதாகப் பாருங்கள். கொட்டகலைக் குளிருக்காகச் சொல்லவில்லை. ஹயர் பிடித்துக் கொழும்புக்குப் போய் வெயிலில் நாள் முழுக்க நிறுத்தி வைப்பீர்களே, அங்கேதான் பட்டரி ஊதும்.

பனிமூட்டத்தில் எந்தக் கமராவும் உங்கள் கண்ணைவிட அதிகம் பார்க்காது. அப்படிச் சொல்லி விற்கிறவரை நம்பாதீர்கள். பனிக்குள் நீங்கள் லைட் போட்டிருந்தீர்களா, மெதுவாக வந்தீர்களா, ஹோன் அடித்தீர்களா என்பதைத்தான் அது பதியும். அதுவே பெரிய விஷயம்.

காசை மிச்சம் பிடிக்க நினைத்தால் கமராவில் பிடியுங்கள், மெமரி கார்ட்டில் பிடிக்காதீர்கள். ஃபோனில் கிடந்த பழைய கார்ட்டைக் கழற்றிப் போடுகிறவர்கள்தான் அதிகம். டேஷ் கேம் ஓய்வில்லாமல் எழுதி, நிறைந்ததும் பழையதை அழித்து, மறுபடி எழுதும். சாதாரண கார்ட் சில மாதத்தில் செத்துவிடும், செத்தது உங்களுக்குத் தெரியாது, சிவப்பு லைட் மட்டும் மினுங்கிக்கொண்டே இருக்கும். டேஷ் கேமுக்கென்றே 'ஹை என்டியூரன்ஸ்' என்று போட்டு விற்கிற கார்ட்டை வாங்குங்கள். 1080பியில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஆறு ஏழு ஜிபி போகும், 64 ஜிபி என்றால் உங்களுடைய இரண்டு நாள் ஓட்டத்துக்குச் சரி. 128 ஜிபி என்றால் நிம்மதி. மாதம் ஒரு தரம் வீட்டில் போட்டுப் பார்த்து ஃபோர்மட் பண்ணுங்கள். அப்போது திகதியையும் நேரத்தையும் பாருங்கள். வீடியோவில் வேறு வருடம் விழுந்திருந்தால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு அன்று தீபாவளி.

பூட்டும்போது ஒரு செட்டிங்கைக் கட்டாயம் மாற்ற வேண்டும். ஜி-சென்சர் என்று ஒன்று உண்டு. வண்டி இடிபட்டால் அந்த வீடியோவை அழியாமல் பூட்டி வைப்பது அதன் வேலை. நல்ல ரோட்டுக்குச் செய்தது அது. நம்முடைய தோட்டத்து ரோட்டில் ஓடினால் ஒவ்வொரு குழியையும் விபத்து என்று நினைத்துப் பூட்டி வைக்கும். ஒரு கிழமையில் கார்ட் முழுக்கக் குழி வீடியோவாக நிறைந்து, உண்மையான விபத்துக்கு இடம் இருக்காது. அதை ஆகக் குறைந்த அளவில் வையுங்கள்.

இடம், உள்கண்ணாடிக்குப் பின்னால், வைப்பர் துடைக்கிற பகுதிக்குள். அதற்கு வெளியே ஒட்டினால் மழைநாள் வீடியோ எல்லாம் தண்ணீர்த் துளிதான். காலைக் குளிரில் கண்ணாடியின் மேல்பகுதிதான் கடைசியாகத் தெளியும், ஆகவே ஸ்டார்ட் பண்ணியதும் கமராவின் முன்னால் உள்ள கண்ணாடியை உட்பக்கமாக ஒரு துணியால் துடைத்துவிடுங்கள். வயரைக் கூரை ஓரமாக உள்ளே தள்ளி எடுங்கள், ஸ்டியரிங்குக்குக் குறுக்கே தொங்கவிடக்கூடாது. சாவி திருப்பினால் எரிந்து, நிறுத்தினால் அணைகிற லைனில் எடுத்தால் போதும். லயத்துக்கு முன்னால் இரவில் நிறுத்துகிற வண்டிக்கு, நிறுத்திய பிறகும் பதிந்துகொண்டே இருக்கிற பார்க்கிங் மோட் தேவையில்லை. வோல்டேஜ் குறைந்தால் தானாக வெட்டுகிற கிட் இல்லாமல் அதைப் போட்டால், காலையில் பிள்ளைகள் ரோட்டில் நிற்க நீங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் வேன் 12 வோல்ட். உங்களைப் பார்த்துக் கொழுந்து லொறிச் சாரதி யாராவது பூட்ட வந்தால், பெரிய லொறிகள் 24 வோல்ட் என்று சொல்லிவிடுங்கள்.

இனி, கடவுளே என்று ஒன்றும் நடக்காமல் இருக்கட்டும், நடந்தால் என்ன செய்வது. ஆட்களுக்கு அடிபட்டிருந்தால் முதலில் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள், கமரா எங்கேயும் ஓடாது. அடுத்தது வண்டியை எடுக்குமுன் ஃபோனில் படம்: நான்கு டயரும் எங்கே நிற்கின்றன, கோடு எங்கே இருக்கிறது, கீழே என்ன கொட்டியிருக்கிறது. எட்ட நின்று இரண்டு, கிட்ட நின்று நான்கு. பஸ்காரர் ஹோன் அடிக்கட்டும், அரை நிமிடத்தில் உலகம் முடியாது. பிறகு வண்டியை ஓரத்தில் விட்டு கமராவை நிறுத்துங்கள். இதை மறக்கிறவர்கள் ஏராளம். கமரா ஓடிக்கொண்டே இருந்தால், பொலிஸ், காப்புறுதி என்று அலைந்து இரண்டு நாள் கழித்துத் தேடும்போது விபத்தின்மேலேயே புதிய வீடியோ எழுதப்பட்டிருக்கும். கார்ட்டைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள், வீட்டில் ஒரு பிரதி எடுங்கள், மூலக் கார்ட்டைத் தொடாதீர்கள். வேகத்தை மாற்றியோ, எழுத்துச் சேர்த்தோ, வெட்டியோ அனுப்பிய வீடியோவை நான் ஆதாரமாக எடுப்பதில்லை. காப்புறுதி நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கு அங்கே நின்றபடியே அழையுங்கள். பேசித் தீர்த்துவிட்டு மூன்றாம் நாள் அழைத்தால் எங்களால் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

பொலிஸார் கார்ட்டைக் கேட்டால் கொடுங்கள், ஆனால் கொடுத்ததாக முறைப்பாட்டுப் பதிவில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வீடியோவைக் கண்டாலே பொலிஸுக்குப் பிடிக்காது என்ற பயமும் பழைய பயம். வீதி மீறல்களைப் பொதுமக்கள் படமாகவும் வீடியோவாகவும் அனுப்புவதற்கு 2025இல் அவர்களே ஈ-டிராஃபிக் என்ற செயலியை விட்டிருக்கிறார்கள்.

வழக்கு என்று போனால் ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். சம்பவம் நடக்கும்போதே பதிவான வீடியோவையும் ஒலியையும் நீதிமன்றத்தில் ஏற்பதற்கு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கருவி ஒழுங்காக வேலை செய்தது, பதிவில் யாரும் கைவைக்கவில்லை என்று காட்ட வேண்டும். அதோடு, விசாரணைக்குக் குறித்த திகதிக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். கடைசித் தவணையன்று காலையில் நீதவான் நீதிமன்ற வாசலில் சட்டத்தரணியின் கையில் பென் டிரைவைத் திணித்து, 'இதில் எல்லாம் இருக்கு சேர்' என்று சொல்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். எல்லாம் இருக்கும். பார்க்கத்தான் முடியாது. முதல் சந்திப்பிலேயே வீடியோ இருப்பதைச் சட்டத்தரணியிடம் சொல்லிவிடுங்கள்.

உங்களுடையது பள்ளிக்கூட வேன் என்பதால் ஒரு வார்த்தை. உட்பக்கத்தைப் படம் பிடிக்கிற இரட்டைக் கமரா வேண்டாம் என்பது என் எண்ணம். மற்றவர்களின் பிள்ளைகளின் முகம் உங்கள் கார்ட்டில் கிடப்பது தேவையில்லாத பொறுப்பு. பாதுகாப்புக்கு வேண்டும் என்று பெற்றோரே கேட்டால், எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் பூட்டுங்கள். மைக்கை அணைத்து வையுங்கள். ஹயர் வருகிற குடும்பம் உள்ளே என்ன பேசினாலும் அது அவர்கள் சங்கதி. எந்த வீடியோவையும் ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். இந்த நாளில் ஒரு விபத்து வீடியோ வீட்டாருக்குச் செய்தி போகுமுன் ஊருக்குப் போய்விடுகிறது.

டேஷ் கேம் பூட்டினால் பிரீமியம் குறையும் என்று யாராவது சொன்னால் அதை நம்பி வாங்க வேண்டாம். உங்களுக்கு லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: பிழை மற்றவருடையது என்று தெளிவாகிவிட்டால் இழப்பீடு கேட்காமல் ஓடியதற்காகப் பிரீமியத்தில் கிடைக்கிற உங்கள் நோ கிளெய்ம் போனஸைக் காப்பாற்ற வழி பிறக்கும். உங்களிடம் இருப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் என்றால், உங்கள் சேதத்துக்கு அடுத்தவரிடமிருந்துதான் கேட்க வேண்டும். அப்போது கையில் ஆதாரம் இல்லாமல் போனால் போன மாதம் நடந்ததுதான் மறுபடியும் நடக்கும். போன மாதத்துக் காசு போனதுதான், அதைத் திருப்பி எடுக்க வழி சொல்ல என்னால் முடியாது. ஆனால் அன்று ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதன் பிரதியை வாங்கி, சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். 'பிழை என்னுடையது' என்று அதில் இருக்கிறதா என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எழுதி ஒட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேனுக்குள், ஏறுகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில், தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுங்கள், அதுதான் ஒழுங்கு. வெளியே ஒட்டுவது உங்கள் விருப்பம். கமரா பூட்டாமல் ஸ்டிக்கரை மட்டும் ஒட்டிக்கொண்டு ஓடுகிற இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் போன மாதம் வட்டவளைக்குப் பக்கத்திலிருந்து எனக்கு அழைப்பு எடுத்தார். எதிர்த்தரப்புக்காரர் ஸ்டிக்கரைக் கண்டுவிட்டு, 'அப்போ வீடியோவைப் போடுங்களேன், பார்ப்போம்' என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாராம்.